ஐம்பதுக்கு மேல் காரும் புத்தகமும் தூக்கமும்: நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கல்லிடைக்காரன்

வணக்கம். ஐம்பதைத் தாண்டியவர்களிடம்தான் முக்கியமாகக் கேட்கிறேன். இளவட்டங்களும் சொல்லலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எனக்கு 52. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். அம்மா கல்லிடைக்குறிச்சியில். இங்கே வந்து இரு என்றால், "ஆத்தை விட்டுட்டு உங்க ஊர்ல லாரித் தண்ணியில குளிக்கச் சொல்றியா?" என்று ஒரே கேள்வியில் என் வாயை அடைத்துவிடுவாள். ஆகவே மாதாமாதம் நான்தான் போகிறேன். நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்தால் ரயில், கிடைக்காவிட்டால் கார். உண்மையில் இடம் கிடைத்தாலும் எனக்குக் கார்தான் பிடிக்கும். ஒரு வழிக்கு 650 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. "சார், கம்ப்ரசர் நின்னுபோச்சு" என்று யாரும் கூப்பிடாத நேரம் மாதத்தில் எனக்கு அது ஒன்றுதான்.

வீட்டில் என்னைக் கேட்ஜெட் பைத்தியம் என்பார்கள். பாதி உண்மை. டேஷ்கேம், டயர் அழுத்தம் காட்டும் சென்சார், லைட்டர் பிளக்கில் செருகிக் காற்றடிக்கும் பம்ப் எல்லாம் வண்டியில் இருக்கின்றன. இதில் பம்ப்புக்கு மட்டும் சொத்தில் பங்கு எழுதலாம். விடியற்காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது வீட்டு வாசலிலேயே காற்றுப் பார்த்துவிடுகிறேன். ஓட்டிச் சூடான டயரோடு பெட்ரோல் பங்க்கில் போய்ப் பார்த்தால் அளவு கூடத்தான் காட்டும், அதை நம்பி அந்தப் பையன் காற்றை இறக்கிவிடுவான். டேஷ்கேம் பற்றிக் கேட்காமலே ஒன்று சொல்கிறேன்: வெயிலில் நிறுத்துகிறவர்கள் லித்தியம் பேட்டரி உள்ளதை வாங்காதீர்கள், சூப்பர் கெபாசிட்டர் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். என் பழைய கேமரா ஒரு மே மாதத்தில் பேட்டரி உப்பி, தன் மூடியைத் தானே திறந்துகொண்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நைட் ஷிப்டில் பாய்லர் ரூம் பக்கம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு தடித்தடியான நாவல்களை முடித்தவன் நான். இப்போது இரவு சாப்பிட்டுவிட்டுப் புத்தகத்தை எடுத்தால் இரண்டு பக்கத்தில் எழுத்து கலங்குகிறது. கை போனுக்குப் போகிறது. போனில் எழுத்து பெரிதாகத் தெரிகிறது, ஆனால் அங்கே படிக்கப் போனவன் யாரோ மீன் குழம்பு வைப்பதைப் பார்த்துக்கொண்டு பதினொன்றரை வரை உட்கார்ந்திருக்கிறேன்.

மகள் "அப்பா, கார்லதான் அவ்ளோ நேரம் இருக்கீங்கள்ல, புத்தகத்தைக் கேளுங்க" என்று ஒலிநூல் செயலி போட்டுக் கொடுத்தாள். பெருங்களத்தூர் தாண்டும்வரை ஒரு வரியும் காதில் ஏறாது. திண்டிவனத்துக்கு அப்புறம் கதை நன்றாக ஓடும். விழுப்புரம் பைபாஸில் எதிர்த்திசையில் ஒருவர் பைக்கில் மனைவி, குழந்தை, புல்லுக்கட்டு சகிதம் வருவார். அவ்வளவுதான், யார் யாரைக் கொன்றார் என்பதே போய்விடும். குரல் நடிகர்கள் படிக்காத புத்தகங்களைப் போனே படித்துக் காட்டுகிறதே, அது இன்னும் மோசம். சாவு வீட்டுக் காட்சியைக்கூட "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" மாதிரி படிக்கிறது. துவரங்குறிச்சிப் பக்கம் கொடைக்கானல் எஃப்.எம். 100.5 தெளிவாக எடுக்க ஆரம்பித்தால் புத்தகமாவது ஒன்றாவது, பாட்டுக்குப் போய்விடுகிறேன்.

அடுத்தது தூக்கம். விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்புவது வழக்கம். மதியம் விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா. சாத்தூர் வருவதற்குள் கண் சொருகுகிறது. ஏசியைக் கூட்டிப் பார்த்தேன், ஜன்னலைத் திறந்து பார்த்தேன், சத்தமாகப் பாடியும் பார்த்தேன். ஞாயிறு இரவு திரும்பும்போது எதிர் வண்டி வெளிச்சம் வேறு. நடுவில் அரளி அடர்த்தியாக இருக்கும் இடங்களில் தெரிவதில்லை. செடி காய்ந்துபோன இடங்களில் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒரு வளையம் தெரிகிறது. சமீபத்தில்தான் ப்ரோக்ரெஸிவ் கண்ணாடி போட்டேன்.

கேள்வி இதுதான்: கிண்டில் மாதிரி மின்னூல் படிக்கும் கருவி ஒன்று வாங்கினால் தமிழ் படிக்க உண்மையிலேயே உதவுமா, இல்லை அதுவும் டிராயரில் போய்த் தூங்குமா? வண்டியில் புத்தகம் கேட்கிறவர்கள் எப்படிக் கேட்கிறீர்கள்? இந்த ரூட்டில் எங்கே, எவ்வளவு நேரம் ஓய்வெடுக்கிறீர்கள்?

திருச்சி லென்ஸ்

சார், நான் கண் பரிசோதகர். முதலில் அந்த வளையம். ஐம்பதுக்கு மேல் விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் கண்புரையின் ஆரம்பமாக இருக்கலாம். வெறும் பவர் செக்கப்போடு விடாமல், மருத்துவரிடம் சொட்டு மருந்து போட்டுப் பாவையை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அன்றைக்கு நீங்கள் வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது, சில மணி நேரம் கூசும்.

புரை இல்லையென்றால் இரண்டு சாதாரணக் காரணங்கள். ஒன்று, லென்ஸில் பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சு இல்லாமல் இருக்கும், அல்லது சட்டை நுனியால் துடைத்துத் துடைத்துப் போயிருக்கும். இரண்டு, உங்கள் காரின் முன் கண்ணாடி. வெயிலில் நிற்கும் வண்டியில் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து ஆவி கிளம்பி, கண்ணாடியின் உட்பக்கம் எண்ணெய்ப் படலமாகப் படியும். பகலில் தெரியாது. எதிரே விளக்கு வந்தால்தான் தெரியும். வெளியே நாள்தோறும் துடைப்பவர்கள்கூட உள்ளே துடைப்பதில்லை. கண்ணாடி துடைக்கும் திரவத்தால் இரண்டு முறை துடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

ப்ரோக்ரெஸிவ் லென்ஸில் மேலே தூரம், நடுவில் ஒடுக்கமான பாதையில் இடைத்தூரம், கீழே படிக்கும் பவர். ஓரங்களில் உருவம் வளையும். எனவே சைடு மிரரைப் பார்க்கக் கண்ணை மட்டும் திருப்பாதீர்கள், தலையையும் கொஞ்சம் திருப்புங்கள். ஸ்பீடாமீட்டர் தெளிவாகத் தெரியாவிட்டால் லென்ஸ் பொருத்திய உயரம் சரியில்லை என்று அர்த்தம், கடையில் திருப்பிக் கொடுத்துச் சரிசெய்யலாம், கூச்சப்படாதீர்கள். படுத்துக்கொண்டு படிக்க ப்ரோக்ரெஸிவ் சரிப்படாது. படிக்கும் பவர் மட்டும் உள்ள இன்னொரு கண்ணாடி, சாதாரண ஃப்ரேமில் போட்டுத் தலையணைப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்தில் எழுத்து கலங்குவது அதிலேயே பாதி தீரும்.

இரவுக்கென்று மஞ்சள் கண்ணாடி விற்பார்கள், வாங்காதீர்கள். இருட்டில் கண்ணுக்குக் கிடைக்கும் கொஞ்சம் வெளிச்சத்தையும் அது குறைத்துவிடும்.

கல்லிடைக்காரன்

நன்றி சார். உங்கள் பதிலைப் படித்துவிட்டு நேரே போய்க் காரின் உள் கண்ணாடியைத் துடைத்தேன். வெள்ளைத் துணி சாம்பல் நிறமாகிவிட்டது. மஞ்சள் கண்ணாடி ஏற்கனவே ஒன்று இருக்கிறது, மச்சினன் பிறந்தநாளுக்குக் கொடுத்தது. கண் டாக்டரிடம் இந்த வாரமே நேரம் கேட்கிறேன்.

பழைய ஸ்டியரிங்

அண்ணாச்சி, நான் ஆம்னி பஸ் ஓட்டி, அப்புறம் சொந்தமாக டிராவல்ஸ் வைத்து, இப்போது மகனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவன். உங்கள் பிரச்சினை சாத்தூரில் இல்லை, அந்த மூன்று மணியில் இருக்கிறது. மூன்றுக்குக் கிளம்புகிறவர் இரண்டுக்கே எழுந்திருப்பார். முந்தின ராத்திரி பதினொன்றரை வரை மீன் குழம்பு பார்த்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி இரண்டிலிருந்து விடிகிற வரை உடம்பு எப்படியும் தூக்கத்தைத்தான் கேட்கும். ரோடு காலியாக இருக்கிறது என்று ஆசைப்பட்டு அந்த நேரத்தில்தான் எல்லோரும் மிதிக்கிறார்கள். நிறுத்தி வைத்த லாரியின் பின்னால் போய்ச் சொருகுகிற கார்களை நான் விடியற்காலையில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். தூங்கி எழுந்து ஐந்தரைக்குக் கிளம்புங்கள். செங்கல்பட்டில் கொஞ்சம் நெரிசல் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை இன்னொரு தடவை அசத்தும். பரோட்டாவை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள், பட்டினியாக ஓட்டினாலும் அசத்தும். பரோட்டா சாப்பிட்டால் இன்னும் கொஞ்சம் அதிகமாக அசத்தும், அவ்வளவுதான். நூறில் போகிற வண்டி ஒரு வினாடிக்கு 28 மீட்டர் போகும். மூன்று வினாடி கண் மூடினால் மூன்று ரயில் பெட்டிகள் சேர்ந்த நீளத்துக்கு மேல் வண்டி தானாக ஓடியிருக்கும்.

ஜன்னலைத் திறப்பதும் பாட்டுப் போடுவதும் கொஞ்ச நேரத்துக்குத்தான். என் மகன் ஒரு ஆராய்ச்சியைப் படித்துக் காட்டினான். இங்கிலாந்தில் லஃபரோ பல்கலைக்கழகத்தில் 1990களில் செய்தது. குளிர்காற்றும் ரேடியோவும் அதிகம் உதவவில்லை, காபியும் குட்டித் தூக்கமும் சேர்ந்தால்தான் உதவியது என்று. ஜி.எஸ்.டி. ரோட்டில் அடிக்கு ஒரு டிகிரி காபிக் கடை எதற்கு இருக்கிறது? குடித்துவிட்டு உடனே வண்டியை எடுக்காமல் சீட்டைச் சாய்த்துக் கால் மணி நேரம் படுங்கள். காபி வேலை செய்ய இருபது நிமிஷம், அரை மணி ஆகும். அது ஏறும்போது நீங்கள் எழுந்திருப்பீர்கள். ஒரு மணி நேரம் தூங்கிவிட்டால் எழுந்தபின் மந்தமாக இருக்கும், அதனால் அலாரம் வையுங்கள்.

நிறுத்துவது பெரிய பங்க் உள்ளே, அல்லது ஓட்டல் வளாகத்துக்குள். ரோட்டோரத்தில் மட்டும் வேண்டாம், இண்டிகேட்டர் போட்டிருந்தாலும் வேண்டாம். இஞ்சினை ஓடவிட்டு ஏசியில் தூங்கவும் கூடாது, புகை உள்ளே வந்தால் எழுந்திருக்கவே மாட்டீர்கள். மரத்தடி நிழலில் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் போதும்.

இன்னொன்று: ஏசியில் உள்காற்றே சுற்றுகிற பட்டனை அமுக்கி வைத்துவிட்டு மணிக்கணக்காக ஓட்டுவீர்கள். மூச்சுக்காற்றே திரும்பத் திரும்பச் சுற்றித் தலை கனக்கும். அவ்வப்போது வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள்.

நான் போய்வந்த இடங்கள்: உளுந்தூர்பேட்டையில் டீ, திருச்சிக்கு முன்னால் டிபன், மேலூருக்கு முன்னால் அந்தக் குட்டித் தூக்கம். விருதுநகரில் பார்சல் கட்டிக்கொண்டு ஊரில் போய்ச் சாப்பிடலாம், அம்மாவுக்கும் ஆச்சு.

மொட்டைமாடி வாசகி

தம்பி, நான் நாகர்கோவில். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, வண்டி ஓட்டத் தெரியாது. கிண்டில் பற்றி மட்டும் சொல்கிறேன்.

டிராயருக்குப் போகுமா என்பது நீங்கள் எதைப் படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2016 டிசம்பரிலிருந்து தமிழ் நூல்கள் அதில் முறையாக விற்பனைக்கு வருகின்றன. எழுத்தை இஷ்டத்துக்குப் பெரிதாக்கலாம், பக்கம் தானாக மாறி அமையும். திரைக்குள் கறுப்பும் வெள்ளையுமான துகள்கள் நகர்ந்துதான் எழுத்து உருவாகிறது, விளக்கு விளிம்பிலிருந்து திரைமேல் விழுகிறது. போன் மாதிரி கண்ணில் அடிக்காது. மாடியில் வெயிலிலும் படிப்பேன். எனக்குப் பிடித்தது, அதில் மீன் குழம்பு வராது.

பழைய இலக்கியம் படிப்பீர்களென்றால் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் மின்னூலாகத் தரும் மதுரைத் திட்டம் இருக்கிறது, 1998 பொங்கலில் தொடங்கியது. இலவசம். அங்கே இபப் (எழுத்தைப் பெரிதாக்கக்கூடிய மின்னூல்) கோப்பு இருந்தால் அதையே எடுங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் கோப்பை ஆறங்குலத் திரையில் படிக்க முயலாதீர்கள், அது ஒவ்வொரு பக்கமும் ஒரு புகைப்படம். எழுத்து பெரிதாகாது, படத்தைத்தான் பெரிதாக்கி அங்குமிங்கும் இழுக்க வேண்டும். தமிழ் இணைய மின்னூலகத்தில் அரிய புத்தகங்கள் நிறைய இருக்கின்றன, பெரும்பாலும் ஸ்கேன்தான். அவற்றுக்குப் பத்தங்குல டேப்லெட் வேண்டும்.

வண்டியில் நாவல் கேட்காதீர்கள் என்று என் மருமகனுக்கும் சொன்னேன். ஏற்கனவே படித்த புத்தகத்தைக் கேட்டால் நடுவில் விட்டுப்போனாலும் நஷ்டமில்லை. அவன் இப்போது அப்படித்தான் செய்கிறான். நீங்கள் பாய்லர் ரூமில் முடித்த நாவல்களில் ஒன்றிலிருந்து தொடங்கலாமே.

ஓஎம்ஆர் பையன்

அங்கிள், போனிலேயே திரையைக் கறுப்பு வெள்ளை ஆக்கும் வசதி இருக்கிறது. ராத்திரி ஒன்பதுக்குத் தானாக மாறும்படி வைக்கலாம். மீன் குழம்பு சாம்பல் நிறத்தில் வந்தால் நீங்களே மூடிவிடுவீர்கள். பைசா செலவில்லை.

கல்லிடைக்காரன்

ஓஎம்ஆர் தம்பி, செய்தாயிற்று. வீட்டம்மா என் போன் ரிப்பேர் என்று நினைத்துவிட்டாள்.

ஸ்டியரிங் அண்ணே, மூன்று மணியை மட்டும் விட மனசு வரவில்லை, அந்த நேரத்து ரோடு அவ்வளவு நன்றாக இருக்கும். ஆனால் நீங்கள் சொன்ன கணக்கை மகளும் படித்துவிட்டாள், இனி ஐந்தரைக்கு முன்னால் சாவி என் கைக்கு வராது. ஞாயிறு இரவுப் பயணத்தையும் நிறுத்துகிறேன். திங்கள் ஒரு நாள் லீவு போட்டுப் பகலில் வந்தால் போகிறது. லீவு கணக்கில் சும்மாதான் கிடக்கிறது, எங்கள் கம்பெனியில் அதைக் காசாக்கவும் முடியாது. காபி விஷயம் சுலபம், இதுவரை குடித்த சூட்டோடு கியரைப் போட்டேன், இனி சாய்ந்து படுக்க வேண்டியதுதானே.

டீச்சர், படித்த நாவலையே கேட்கும் யோசனை எனக்குத் தோன்றவேயில்லை. கிண்டில் ஆறங்குலமே எடுக்கிறேன். ஸ்கேன் புத்தகங்கள் அப்புறம் பார்க்கலாம். அம்மா வீட்டுத் திண்ணையில் மத்தியானம் கரண்ட் போனாலும் படிக்க முடிய வேண்டும், அதுதான் என் கணக்கு. ஒன்று மட்டும் சொல்லுங்கள்: பக்கம் திருப்ப விரலால் தொடுவது போதுமா, இல்லை பட்டன் வைத்தது பார்த்து வாங்கட்டுமா? ஊரில் இருக்கும்போது பாதி நேரம் என் கை அப்பளம் பொரித்த எண்ணெயோடு இருக்கும்.