புதுப்பிப்பு: பெர்க்லி வேதியியல் கல்லூரியின் நோபல் கணக்கு

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்து நோபல் வாங்கிய பிரான்சஸ் அர்னால்டு (2018), கரோலின் பெர்டோசி (2022) பற்றி முன்பு இங்கே எழுதியிருந்தேன். "இப்போது அங்கே பாடம் எடுப்பவர்களில் யாரும் இல்லையா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். 2020-இல் வாங்கிய ஜெனிபர் டவுட்னா இருக்கிறார். அப்புறம், 2025 அக்டோபரில் ஓமர் யாகியும் சேர்ந்துவிட்டார். கிடகாவா, ராப்சன் என்ற வேறு இரண்டு வேதியியலாளர்களோடு பகிர்ந்த பரிசு.

யாகி பெர்க்லியின் பழைய மாணவர் அல்ல. முனைவர் பட்டம் இல்லினாய் பல்கலைக்கழகத்தில். 2012-இல்தான் பெர்க்லிக்கு வந்தார். உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்து, உள்ளே நுண்துளைகள் நிறைந்த படிகங்களைச் செய்தவர். 1999-இல் வந்த எம்ஓஎஃப்-5 என்ற அப்படிப்பட்ட படிகத்தில் ஓரிரு கிராம் எடுத்தால், அதன் உட்பரப்பு ஒரு கால்பந்து மைதானம் அளவு வரும்!

எனக்குப் பிடித்தது வேறு. ஜோர்டானின் அம்மான் நகரில் அகதிக் குடும்பத்தில், குழாய்த் தண்ணீர் இல்லாத வீட்டில் வளர்ந்தவர். அவருடைய குழுதான் அரிசோனா பாலைவனக் காற்றிலிருந்து தண்ணீர் எடுத்துக் காட்டியது: இரவில் படிகம் ஈரத்தை உறிஞ்சும், பகலில் வெயில் பட்டதும் விட்டுவிடும்.

சரி, நோபலோடு ஒரு சலுகையும் உண்டு. நோபல் வாங்கிய பேராசிரியருக்கு பெர்க்லி வளாகத்தில் கார் நிறுத்தத் தனி இடம். அங்கே பார்க்கிங் கிடைப்பது அவ்வளவு லேசல்ல.