‘டெரட்டோஜென்’ என்பதற்குத் தமிழில்: பிறவிக்குறையாக்கி

கலைச்சொல்லாக்கக் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

மண்டபம் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கும் நான், கர்ப்பிணிகளுக்கான துண்டறிக்கை ஒன்றைத் தமிழில் எழுத உட்கார்ந்து, இந்த ஒரு சொல்லிலேயே நின்றுவிட்டேன். வயிற்றில் வளரும் பிள்ளையின் உறுப்புகளைக் குறைபடச் செய்யும் மருந்து, மது, கிருமி, கதிர்வீச்சு ஆகிய அனைத்துக்கும் டெரட்டோஜென் பொதுப்பெயர். கிரேக்கத்தில் ‘டெராஸ்’ என்றால் அரக்கவுரு. அந்தப் பொருள் தமிழுக்கு வரவே கூடாது.

முந்தைய மடல்களில் முன்மொழியப்பட்ட கருச்சிதைப்பி, கருக்குலைப்பி, கருத்திரிபி ஆகிய மூன்றையும் கடைக்கு வந்த பெண்களிடம் சொல்லிப் பார்த்தேன். முதல் இரண்டையும் கேட்டவர்கள் “கலைக்கிற மாத்திரையா?” என்றார்கள். மூன்றாவது அவர்களுக்கு எதையும் உணர்த்தவில்லை. மரபணுத் திரிபோடு குழம்பவும் இடமுண்டு. ‘கரு’ என்று தொடங்கினாலே கருத்தடையும் கருக்கலைப்பும் முந்திக்கொண்டு நினைவுக்கு வருகின்றன. இதைச் சிறிய இடறலாக நான் கருதவில்லை. வயிற்றுப்பிள்ளையைக் குறைபடச் செய்யும் தாலிடோமைடு என்ற மருந்து பிரேசிலில் தொழுநோயாளிகளுக்கு வழங்கப்பட்டபோது, கர்ப்பிணி உண்ணக்கூடாது என்பதைக் காட்ட, உறையில் கர்ப்பிணியின் படத்தை வரைந்து குறுக்கே கோடு போட்டிருந்தார்கள். அதைக் கருத்தடை மாத்திரை என்றும், கருவைக் கலைக்கும் மாத்திரை என்றும் புரிந்துகொண்ட பெண்கள் இருந்தார்கள். மற்ற நாடுகளில் அந்த மருந்தால் வந்த துயரம் முடிந்துவிட்டதாக எண்ணப்பட்ட பிறகும் அங்கே பாதிக்கப்பட்ட குழந்தைகள் பிறந்தார்கள்.

அந்த மருந்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேற்கு ஜெர்மனியில் 1957இல் தூக்கமாத்திரையாக விற்பனைக்கு வந்து, மசக்கை வாந்திக்கும் பாதுகாப்பானது என்று பல நாடுகளில் விற்கப்பட்டது. 1961 நவம்பரில் அங்கே திரும்பப் பெறப்பட்டது. அந்த மருந்தால் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் கை, கால், காது, கண், இதயம் ஆகியவற்றில் குறையோடு பிறந்தார்கள். அவர்களில் பலர் பிறந்த சில மாதங்களுக்குள் இறந்தார்கள். அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்ற அதிகாரி போதிய சான்று இல்லை என்று அனுமதியை நிறுத்திவைத்தார். கருத்தரித்த 20ஆம் நாளிலிருந்து 36ஆம் நாள் வரையிலான சிறு இடைவெளியில் குறையை உண்டாக்க ஒரே ஒரு மாத்திரைகூடப் போதுமானதாக இருந்தது. அந்த நாட்களில் கர்ப்பமாக இருப்பதையே பல பெண்கள் உறுதிப்படுத்தியிருக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்துச் சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுத்துக் கரையேறும் பெண் உடம்புவலிக்கு மாத்திரை கேட்கும்போது, முழுகாமல் இருக்கிறாயாம்மா என்று நான் கேட்டால், தெரியலையே என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில். தப்பிப் பிழைத்த அன்றைய குழந்தைகள் இன்று அறுபதைக் கடந்தவர்கள். ஆயுள் முழுதும் காலாலும் பல்லாலும் தோளாலும் வேலை செய்து தேய்ந்த மூட்டுகளின் வலி அவர்களுக்கு இப்போது இரண்டாம் சுமையாகியிருக்கிறது.

ஆகவே ‘பிறவிக்குறையாக்கி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘பிறவிக்குறை மருந்து’ போதாதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். தலைவலி மருந்து தலைவலியைத் தீர்ப்பது; இருமல் மருந்து இருமலைத் தீர்ப்பது; அந்த வழக்கில் பழகிய காது, பிறவிக்குறை மருந்தையும் குறையைத் தீர்ப்பது என்றே எடுத்துக்கொள்ளும். நீளம் கூடினாலும் ‘ஆக்கி’ என்ற ஈறு அந்த மயக்கத்தைத் தடுத்துவிடுகிறது.

‘பிறவி’ என்ற சொல் ஊழையும் முற்பிறவியையும் நினைவூட்டும் என்ற மறுப்பு வலுவானது. அதன்மேல் பல நாள் யோசித்தேன். எங்கள் கரையில் பிள்ளை உதடு பிளந்து பிறந்தால், கிரகணத்தின்போது தாய் வெளியே வந்தாள் என்று இன்றும் சொல்கிறார்கள். பழி எப்படியும் அவள்மேல்தான் விழுகிறது. குறையை ஆக்கிய ஒன்று வெளியே இருந்தது, அதற்குப் பெயரும் உண்டு என்று இந்தச் சொல் சொல்லிவிடுகிறது. எனக்கு அதுவே முதன்மையான காரணம்.

தொடர்புடைய இன்னொரு சொல் ‘போகோமீலியா’. நீண்ட எலும்புகள் உருவாகாமல், கை தோளோடு ஒட்டியிருக்கும் நிலை அது. கிரேக்கச் சொல்லுக்குக் கடல்நாயின் உறுப்பு என்று பொருள். நம் கடலில் கடல்நாய் இல்லை என்பதற்காக ஆவுளியா என்ற கடற்பசுவின் துடுப்பைக் கொண்டு பெயரிடலாம் என்று வந்த யோசனையை நான் ஏற்கவில்லை. ஒரு குழந்தையின் கைக்கு விலங்கின் பெயர் வேண்டாம். ‘தோளொட்டுக்கை’ என்று உள்ளதை உள்ளபடி சொல்லலாம்.

துண்டறிக்கையில் கலைச்சொல்லுக்குக் கீழே இந்த வரியையும் சேர்க்க எண்ணியிருக்கிறேன்: “இந்த மாத்திரையைக் கர்ப்பிணி சாப்பிட்டால் வயிற்றுப்பிள்ளைக்குக் கை கால் குறைபடலாம். இது கருவைக் கலைக்கும் மாத்திரை அல்ல; கலைப்பதற்காக இதைச் சாப்பிடாதீர்கள்.” வலிப்புக்கு வால்புரோயேட் (இதுவும் ஒரு பிறவிக்குறையாக்கிதான்) சாப்பிடும் பெண்களுக்கு மட்டும், தாமாக நிறுத்தாமல், பிள்ளைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று தனியே எழுத வேண்டும். இந்த இரண்டு வரிகளிலும் பிழையாகப் புரிந்துகொள்ள இடமிருந்தால் அச்சுக்குப் போகுமுன் தெரிவியுங்கள்.