ஊர் வீடியோ சர்வர்: விஎம்முக்குக் கீழே என்ன பெட்டி?

ஊர்ச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

புரவி எடுப்பு, முளைப்பாரி, கும்பாபிஷேகம் என்று ஆளுக்கொரு போனிலும் பழைய கேசட்டிலும் சிதறிக் கிடக்கும் வீடியோக்களை ஒரே இடத்தில் சேர்ப்பது என்று போன கூட்டத்தில் முடிவெடுத்தோம். அதற்கு மாத வாடகையில் ஒரு விஎம் (நிஜக் கம்ப்யூட்டருக்குள் மென்பொருளால் உருவாக்கும் தனிக் கம்ப்யூட்டர்) எடுத்தால் போதும், 2 கோர், 4 ஜிபி ரேம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். வசூல் தொடங்குவதற்கு முன் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: விஎம்முக்கு எத்தனை கோர் என்பதை அப்புறம் பார்க்கலாம், அதைத் தாங்கும் ஹோஸ்ட், அதாவது நிஜப் பெட்டி, எது என்று முதலில் பாருங்கள்.

துபாய் தம்பி வாடகை விஎம்மில் ஜெல்லிஃபின் என்ற வீடியோ சர்வர் மென்பொருளை நிறுவிக் காட்டியதைப் பலரும் பார்த்தீர்கள். முளைப்பாரி கண்மாய்க்கரை ஏறும் இடத்தில் படம் நின்று நின்று வந்தது. நெட் மெதுவாக இருக்கிறது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். காரணம் அதுவல்ல. அந்த வீடியோ ஐபோனில் 4கே அளவில், ஹெச்இவிசி 10 பிட் ஹெச்டிஆர் என்ற புதிய வடிவத்தில் எடுத்தது. நம் வீடுகளில் இருக்கும் பழைய டிவிகளுக்கு அந்த வடிவம் ஓடாது. அதனால் பார்க்கிற நேரத்திலேயே சர்வர் அதைப் பிரித்து, நிறத்தைச் சரிசெய்து, ஹெச்264 என்ற பழைய வடிவத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். டிரான்ஸ்கோடிங் என்பது இதுதான். வீடியோவுக்கென்று தனிச் சுற்று உள்ள கிராபிக்ஸ் சிப் இருந்தால் சுலபமாக முடிகிற வேலை, வெறும் 2 கோரில் மென்பொருளாக ஓடும்போது மூச்சு வாங்குகிறது. போதாததற்கு, வாடகை விஎம்மின் கோர்கள் பெரும்பாலும் பலரோடு பங்கு போட்டவை. விஎம்முக்குள் ‘டாப்’ கட்டளை கொடுத்தால் ‘எஸ்டி’ என்று ஒரு எண் தெரியும். நமக்கு வர வேண்டிய சிபியு நேரம் எவ்வளவு வேறு விஎம்களுக்குப் போனது என்பதன் கணக்கு அது. அன்று நாங்கள் பார்த்தபோது அந்த எண் ஏறிக்கொண்டே போனது.

சென்னைச் சித்தப்பா தன் கம்பெனியில் கழிக்கிற ரேக் சர்வரைச் சங்கத்துக்கே தருவதாகச் சொன்னார். அந்த மனசுக்கு நன்றி. ஆனால் அதில் இருப்பது இரண்டு ஜியான் இ5 சிபியு. கோர் நிறைய இருந்தாலும் உள்ளே கிராபிக்ஸ் சிப் கிடையாது. தனியாக கார்டு வாங்கிச் செருகலாம் என்றாலும், இரவும் பகலும் ஓடும்போது வரும் கரண்ட் பில்லையும் விசிறிச் சத்தத்தையும் நம் மந்தைக் கட்டடம் தாங்காது.

என் யோசனை, கிராபிக்ஸ் சிப்போடு வந்த 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் ஐ5 பெட்டி ஒன்று. பழையதே போதும். மாடல் எண் ‘எஃப்’ என்று முடிந்தால் வாங்க வேண்டாம், அதில் கிராபிக்ஸ் இருக்காது. பெட்டியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் விடி-எக்ஸ், விடி-டி இரண்டையும் இயக்க முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும். முதலாவது இல்லாமல், லினக்ஸில் விஎம்களை ஓட்டும் கேவிஎம் வேலை செய்யாது. இரண்டாவது இல்லாமல் கிராபிக்ஸ் சிப்பை விஎம்முக்குள் கொடுக்க முடியாது. விஎம்களை நிர்வகிக்கும் பிராக்ஸ்மாக்ஸ் மென்பொருளில் சிபியு வகையை ‘ஹோஸ்ட்’ என்று வைத்தால், சிபியுவின் எல்லாத் திறனும் விஎம்முக்குத் தெரியும்.

கன்டெய்னரில் (தனிக் கம்ப்யூட்டர் இல்லாமல் மென்பொருளை மட்டும் பிரித்து ஓட்டும் முறை) போட்டால் கிராபிக்ஸை ஹோஸ்ட்டோடு பங்கிடலாமே, விஎம் எதற்கு என்று சிங்கப்பூர் மாமா கேட்டிருந்தார். சரியான கேள்வி. சங்கத்தின் உறுப்பினர் பட்டியலும் வரவு செலவும் இதே பெட்டியில் இன்னொரு விஎம்மில் இருக்கப்போகின்றன. கன்டெய்னர் ஹோஸ்ட்டின் கெர்னலையே (இயங்குதளத்தின் மையப் பகுதி) பயன்படுத்தும், விஎம்முக்குத் தனிக் கெர்னல். வீடியோ சர்வர் வெளியுலகத்துக்குத் திறந்த வாசல் என்பதால், அதில் யாராவது புகுந்தாலும் கணக்குவழக்கை எட்டவிடாமல் தடுக்க விஎம்மே பலமானது.

ரேம் 16 ஜிபி இருக்கட்டும். ஜெல்லிஃபினுக்கு 6, கணக்குக்கு 4, மீதி ஹோஸ்ட்டுக்கு. இயங்குதளங்கள் எஸ்எஸ்டியில் இருக்க வேண்டும். வீடியோக்களை விஎம்மின் டிஸ்க்குக்குள் திணிக்காமல் தனி ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள், அப்போதுதான் விஎம்மை பேக்கப் எடுப்பது சில நிமிட வேலையாக இருக்கும். ஐபோனில் 4கே, 30 ஃபிரேம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 10 ஜிபி. 4 டெராபைட்டில் 400 மணி நேரம் அடங்கும். ஒன்றுக்கொன்று நகலாக இரண்டு டிஸ்க் போடுவோம். மூன்றாவது பிரதி ஒன்று ஊருக்கு வெளியே, யாராவது ஒருவர் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். கேசட்டில் இருக்கும் நம் அப்பத்தாக்கள் பலருக்கு அதைத் தவிர வேறு படமே கிடையாது.

இதையெல்லாம் விடப் பலன் தருவது, ஒவ்வொரு வீடியோவுக்கும் 1080பி ஹெச்264 நகல் ஒன்றை ராத்திரியோடு ராத்திரியாக எஃப்எஃப்எம்பெக் என்ற வடிவம் மாற்றும் மென்பொருளில் முன்கூட்டியே தயாரித்து வைப்பது. அது ஏறக்குறைய எந்த டிவியிலும் நேராக ஓடும், சர்வருக்குப் பாரமில்லை. மூலப் பிரதியையும் அழிக்கக் கூடாது.

அப்புறம் இன்டர்நெட் லைன். ஒரு வீட்டுக்கு 5 எம்பிபிஎஸ் என்றால் 20 வீடு ஒரே நேரத்தில் பார்க்க 100 எம்பிபிஎஸ் அப்லோட் வேண்டும். ஊரில் இரவு 9 ஆகும்போது துபாயில் 7:30, சிங்கப்பூரில் 11:30, நியூ ஜெர்சியில் கோடைக்காலமானால் காலை 11:30. அதனால் பதிவு செய்த வீடியோவைப் பார்ப்பவர்கள் தானாகவே பிரிந்துவிடுவார்கள். நேரலை அப்படியல்ல, எல்லோரும் ஒன்றாக வருவார்கள். அதை யூடியூபிலேயே விட்டுவிடுவோம். பல இணைப்புகளில் பொது ஐபி (வெளியிலிருந்து எட்டக்கூடிய தனி இணைய முகவரி) தருவதில்லை, பல வீட்டுக்கு ஒன்றைப் பங்கிடுகிறார்கள். அப்படியானால் வெளியிலிருந்து நம் பெட்டியை நேரடியாக எட்ட முடியாது. நிலையான ஐபி கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாதப் பராமரிப்புக்குப் பகல் முழுக்க கரண்ட் நிறுத்தும் நாட்களில் எந்த யூபிஎஸ்ஸும் தாங்காது. விஎம்களை ஒழுங்காக மூட நேரம் கொடுத்தால் போதும். கரண்ட் வந்ததும் தானாக எழும்படி பயாஸிலும் பிராக்ஸ்மாக்ஸிலும் அமைத்துவிடலாம். பெட்டியை மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் மட்டும் வைக்க வேண்டாம். சித்திரை வெயிலில் சிபியு சூடாகித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கீழே நூலக அறையே நல்லது.

ஊரில் இருக்கும் தம்பிகள் யாராவது இரவு 8 மணி வாக்கில் நூலக லைனின் அப்லோட் வேகத்தைச் சில நாள் அளந்து இங்கே எழுதுங்கள். மதுரைக் கடைகளில் பெட்டியின் விலையை நான் விசாரித்துச் சொல்கிறேன். இரண்டும் கைக்கு வந்த பிறகு ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு என்று பொருளாளர் முடிவு செய்யட்டும்.