ஜூலையில் ஹூட் ரிவர் போகிறோம், கல்பிட்டியில் பழகிய மகனை அந்த ஆற்றில் இறக்கலாமா?

மரைன் டிரைவ் அம்மா:

வணக்கம். என் அண்ணா அமெரிக்காவில் போட்லண்டில் இருக்கிறார். இந்த ஜூலையில் மூன்று கிழமைக்கு ஹூட் ரிவர் என்ற சின்ன ஊரில் வீடு எடுத்திருக்கிறார், எங்களையும் வரச்சொல்லி டிக்கெட்டும் போட்டுவிட்டார். நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகனுக்கு 15 வயது, இரண்டு வருடமாக மே மாதம் பிறந்தால் கல்பிட்டிதான், கைட் சர்பிங் பைத்தியம், பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் நின்று தண்ணீர் மேல் ஓடுகிற விளையாட்டு. அந்த ஊர் கொலம்பியா ஆற்றங்கரையில் இருக்கிறது, உலகத்திலேயே காற்றுக்குப் பேர்போன இடங்களில் ஒன்று என்று அவன் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். எனக்குத்தான் பயம். கல்பிட்டியில் விழுந்தால் இடுப்பளவு தண்ணீர், எழும்பி நிற்கலாம். இது ஓடுகிற ஆறு. மகளுக்கு 9 வயது, 68 வயது மாமியும் கூட வருகிறார். நாள் முழுக்கக் காற்றடிக்கிற ஊரில் இவர்களை வைத்து என்ன செய்வது? போய் வந்தவர்கள் இருந்தால் விபரமாகச் சொல்லுங்கள்.

சோளகம்:

அக்கா, நான் கல்பிட்டிக்கு ஒன்பது வருடமாகப் போகிறேன், ஹூட் ரிவரில் இரண்டு கோடை நின்றிருக்கிறேன். முதலில் அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன், அது விளங்கினால் மற்றதெல்லாம் விளங்கும். நீங்கள் மரைன் டிரைவில் இருக்கிறீர்கள், கடல் பக்கக் கதவையும் வாசல் கதவையும் ஒன்றாகத் திறந்துவைத்தால் என்ன நடக்கும் என்று தெரியும்தானே. அங்கேயும் அதே கதைதான். மேற்கே பசிபிக் கடல், குளிர்ந்த கனமான காற்று. கிழக்கே காய்ந்த வெட்டவெளி, கோடையில் நெருப்பாய்க் கொதிக்கும். இரண்டுக்கும் நடுவில் காஸ்கேட் மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்கிறது. அந்தச் சுவரைக் கிட்டத்தட்டக் கடல்மட்டத்திலேயே வெட்டிக்கொண்டு வருகிற ஒரே வழி கொலம்பியா ஆற்றின் பள்ளத்தாக்கு, ஏறத்தாழ 130 கிலோமீற்றர் நீளம். கிழக்கே சூடேறச் சூடேறக் கடல்காற்று முழுக்க அந்த ஒரு வாசலால் இழுபடுகிறது. ஹூட் ரிவர் அந்த வாசலுக்குள் இருக்கிற ஊர்.

இப்போது ஆற்றைப் பாருங்கள். ஆறு கிழக்கிலிருந்து மேற்கே கடலை நோக்கி ஓடுகிறது, காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. இரண்டும் முட்டுவதால்தான் ஒரு ஆற்றில் ஆளுயர அலை எழும்புகிறது, 1980களில் வின்ட்சர்பிங் (பாய் கட்டிய பலகையில் ஓடுவது) ஆட்கள் மரமும் பழமும்தான் தொழில் என்றிருந்த அந்த ஊரைத் தேடி வந்ததும் அதற்காகத்தான். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது, காற்று உங்களைத் தள்ளிக்கொண்டு போனால் நீரோட்டம் திருப்பிக் கொண்டுவரும். ஆனால் கைட் கீழே விழுந்து காற்றும் ஓய்ந்துவிட்டால் நீரோட்டம் மட்டும்தான் மிச்சம், அது நீங்கள் நினைத்த பக்கம் கொண்டுபோகாது. ஜூன் மாதம் மலைப்பனி உருகி வருவதால் ஓட்டம் கூட, ஜூலை போகப்போகத் தணியும். நீங்கள் போகிற காலம் பரவாயில்லை.

நான் பயப்படுவது ஓட்டத்துக்கு இல்லை, குளிருக்கு. கல்பிட்டிக் களப்புத் தண்ணீர் 28 பாகை, குளிர் என்ற நினைப்பே நமக்கு வராது. அங்கே ஜூன் தொடக்கத்தில் 15 பாகை அளவு, ஓகஸ்டில்தான் 20, 21க்கு ஏறும். வெளியே 30 பாகை வெயில் என்பதால் ஏமாந்துவிடுவோம். முதல் தடவை நான் ஜூனில் போனேன், கையில்லாத மெல்லிய வெட்சூட் (உடம்போடு ஒட்டிய ரப்பர் உடை) ஒன்றைத் தந்து இது போதும் என்றார்கள், நானும் நம்பிவிட்டேன். நடு ஆற்றில் விழுந்து கைட்டைத் திரும்ப எழுப்ப இருபது நிமிடம் எடுத்தது. அந்த இருபது நிமிடத்தில் விரல் ஒவ்வொன்றாகச் செத்துப்போனது, கைட்டைத் திருப்பப் பிடிக்கிற தண்டான பாரைப் பிடித்திருக்கிறேன் என்று கண்ணுக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. கரைக்கு வந்து ஹார்னஸ் (கைட்டை உடம்போடு இணைக்கிற இடுப்புப் பட்டி) கொக்கியைக் கழற்ற முடியாமல் பக்கத்தில் நின்ற ஒருவரிடம் கழற்றித் தரச்சொல்லிக் கேட்டேன். மகனுக்குக் கை கால் முழுக்க மூடிய, 4க்கு 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள வெட்சூட் கட்டாயம் எடுங்கள். கொழும்பில் தேடி அலைய வேண்டாம், அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும்.

தெஹிவளைப் பேரிக்காய்:

ஆறு வருடம் அந்தப் பக்கம் குடியிருந்துவிட்டு இப்போது தெஹிவளையில் இருக்கிறேன். தங்கச்சி, மகனைப் பற்றிச் சோளகம் தம்பி சொல்லட்டும், நான் மாமியையும் மகளையும் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த ஊரில் தண்ணீரில் இறங்காதவர்களுக்குத்தான் கோடை இன்னும் நல்லது.

முதல் விஷயம் வெளிச்சம். நமக்கு வருடம் முழுக்க ஆறு, ஆறரைக்கே பொழுது சாயும். அங்கே ஜூலைத் தொடக்கத்தில் சூரியன் மறைய இரவு ஒன்பது மணி. வேலை முடிந்து ஐந்து மணிக்கு வந்தவர்கள் காரின் மேல் போர்டைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போய் மூன்று மணித்தியாலம் ஓடிவிட்டு வந்து சாப்பிடுவார்கள். ஊரே காலையில் எழும்பியதும் காற்றைத்தான் விசாரிக்கும், இன்றைக்குக் கிழக்கே போவதா மேற்கே போவதா என்பதுதான் கடையிலும் தெருவிலும் பேச்சு. ஜூலை, ஓகஸ்டில் மழை கிட்டத்தட்ட இல்லை. வியர்வை பிசுபிசுக்காது, ஆனால் உதடு வெடிக்கும், மாமிக்கு ஒரு கிறீம் கொண்டுபோங்கள்.

காற்றும் ஊர் முழுக்க ஒரே மாதிரி இல்லை. ஆற்றோரத்தில் தொப்பி நிற்காது, ஊருக்குத் தெற்கே பள்ளத்தாக்குக்குள் பத்து நிமிடம் கார் ஓடினால் பழத்தோட்டங்கள், அங்கே எவ்வளவோ அமைதி. பேரிக்காய்க்குப் பேர்போன பூமி அது. உங்கள் காலத்துக்குப் பேரிக்காய் பிஞ்சு, ஓகஸ்டில்தான் பறிப்பார்கள், ஆனால் ஜூலை செரிப்பழக் காலம். காசு கட்டிவிட்டு வாளியோடு மரத்தடியில் போய் நாங்களே பறிக்கலாம். செரியைக் காம்போடு சேர்த்துத் திருகிப் பறிக்க வேண்டும், காம்பை விட்டுவிட்டுப் பழத்தை இழுத்தால் சாறு வடிந்து மாலைக்குள் புளித்துவிடும். என் அம்மா வந்திருந்தபோது ஏணியே தேவைப்படவில்லை, கை உயரத்துக்குத் தாழ்ந்த கிளையாகப் பார்த்து ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொண்டு இரண்டு வாளி பறித்தார். தலையைத் தூக்கினால் எதிரே ஹூட் மலை, 3,400 மீற்றருக்கு மேல் உயரம், ஜூலையிலும் உச்சியில் பனி. பீதுருதாலகாலையே 2,524 மீற்றர்தான், அதற்கு மேல் இன்னொரு மலையை ஏற்றி வைத்த மாதிரி.

அப்புறம் மீன். காஸ்கேட் லொக்ஸ் என்ற சிற்றூரில் பாலத்தடியில் பூர்வகுடி மக்கள் தாங்கள் பிடித்த சமன் மீனை விற்பார்கள். அந்த ஆற்றில் மீன்பிடிக்கிற உரிமையை 1855ஆம் ஆண்டு ஒப்பந்தங்களில் அவர்கள் விட்டுக்கொடுக்காமல் வைத்துக்கொண்டார்கள். மேலே செலிலோ என்ற நீர்வீழ்ச்சியில் ஆயிரக்கணக்கான வருடங்களாக மரத்தட்டுக் கட்டி வலை வீசியவர்கள், 1957இல் த டால்ஸ் அணை மூடிய அன்றைக்கு அது சில மணித்தியாலத்தில் தண்ணீருக்குள் போய்விட்டது. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிவிட்டு வாங்குங்கள். பனிக்கட்டிப் பெட்டி கொண்டுபோக வேண்டும், காசுத் தாளும் கையில் இருக்கட்டும். நான் கொறுக்காய்ப்புளி போட்டு வைப்பேன், கொழுப்பான மீன் என்பதால் தேங்காய்ப்பால் வேண்டாம்.

கொட்டாஞ்சேனை விங்:

எனக்குச் சோளகம் அண்ணா சொன்னதில் ஒரு உடன்பாடின்மை இருக்கிறது, சொல்லாமல் இருக்க மாட்டேன். வெட்சூட் போட்டால் சரி என்பது போல வாசிக்கிறவர்களுக்குத் தோன்றும். கல்பிட்டிக் காற்று கடலுக்கு மேலால் தடையில்லாமல் வருகிறது, மணித்தியாலக் கணக்கில் ஒரே இழுவை. அங்கே மலைகளுக்கு நடுவால் நெரிந்து வருவதால் 15 நொட் வேகம் இருந்த இடத்தில் திடீரென்று 28 அடிக்கும், மறுபடி விழும். கைட் ஏற்றுகிற மணல்திட்டில் ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து கைட் நிற்கும். போதாததற்குக் கோதுமை ஏற்றிய பார்ஜ் படகுகள் அந்த ஆற்றின் நடுவால் போகின்றன, அவற்றால் நினைத்த இடத்தில் நிற்கவோ திரும்பவோ முடியாது. களப்பில் இரண்டு சீசன் ஓடிய 15 வயதுப் பிள்ளையை நேரே அதில் இறக்குவது சரியில்லை என்பது என் எண்ணம். அவனுக்கு ஊருக்கு மேலே போஸ்ட் கென்யன் காட்டில் மலைச்சைக்கிள் பாதைகள் இருக்கின்றன, வைட் சமன் ஆற்றில் வழிகாட்டியோடு ராஃப்டிங் (ரப்பர் படகில் வேகமான ஆற்றில் போவது) இருக்கிறது. கைட் இல்லாமலும் அவன் வாழ்நாளில் மறக்காத கோடையாக இருக்கும்.

மகளுக்கு மட்டும் தண்ணீர் வேண்டும் என்றால் ஊரின் மேற்குக் கரையில் ஹூக் என்ற இடம் இருக்கிறது. வளைந்த கரை அணைத்துப் பிடித்திருப்பதால் அலை இல்லை, சின்னப் பிள்ளைகள் வின்ட்சர்பிங் பழகுவது அங்கேதான்.

மரைன் டிரைவ் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. செரிப்பழக் கதையை மாமிக்கு வாசித்துக் காட்டினேன், இப்போதே எந்தச் சேலை என்று கேட்கிறார். மகன் விங் தம்பி எழுதியதை வாசித்துவிட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு இருக்கிறான். ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனமில்லை, கணக்கில் 48 எடுத்துக்கொண்டிருந்தவன், நல்ல புள்ளி எடுத்தால்தான் கல்பிட்டி என்று சொன்னதற்காக 70 எடுத்தான். சோளகம் தம்பி, நடுவழி ஏதாவது இருக்கிறதா? காட்டுத்தீப் புகை என்றும் எங்கோ வாசித்தேன், அதுவும் உண்மையா?

இரத்மலானை:

புகை சில வருடங்களில் ஓகஸ்ட் பிற்பகுதியில், செப்டெம்பரில் வரும். ஜூலையில் பெரும்பாலும் தப்பிவிடுவீர்கள். ஆனால் ஒன்று, ஜூலை 4 அவர்களுடைய சுதந்திர தினம், மத்தாப்பு போன்றவை கடையில் தொங்கும், பிள்ளைகள் கேட்பார்கள். தயவுசெய்து காட்டுப் பக்கம் கொளுத்த விடாதீர்கள். 2017 செப்டெம்பரில் ஈகிள் கிறீக் பாதையில் 15 வயதுப் பையன் ஒருவன் எறிந்த ஒரு வெடியால் அந்தப் பள்ளத்தாக்கில் கிட்டத்தட்ட 20,000 ஹெக்டேயர் எரிந்தது, தீப்பொறி ஆற்றைத் தாண்டி வாஷிங்டன் கரையிலும் பற்றியது. இன்றைக்கும் கருகிய மரங்கள் அப்படியே நிற்கின்றன.

சோளகம்:

விங் தம்பி சொன்னது நியாயம்தான், நான் காற்று விட்டு விட்டு அடிப்பதைச் சொல்லாமல் விட்டது பிழை. நடுவழி இருக்கிறது அக்கா. போன உடனே ஓட விடாதீர்கள். முதல் இரண்டு நாள் கரையில் நின்று பார்க்கட்டும், ஈவென்ட் சைட் என்ற புல்வெளியில் இருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். மூன்றாம் நாள் அங்குள்ள ஒரு பள்ளியில் தனிப்பயிற்சி எடுங்கள், பயிற்சியாளர் ஜெட்ஸ்கியில் கூடவே வருகிற பயிற்சியாகக் கேளுங்கள். காசு கூடத்தான், ஆனால் ஆற்றைத் தெரிந்த ஒருவர் அவனைப் பார்த்துவிட்டு ஓடலாம், ஓடக்கூடாது என்று சொல்லட்டும், அதற்கு மேல் பேச்சில்லை என்று இப்போதே அவனிடம் சொல்லிவையுங்கள். கல்பிட்டியில் 9 சதுர மீற்றர் கைட் பிடிக்கிறவன் என்றால் அங்கே 7ஐ விடப் பெரிதைத் தொடக்கூடாது. லைஃப் ஜக்கெட் இல்லாமல் இறங்கவே கூடாது.

இன்னொன்று, இதைக் கொழும்பிலேயே தொடங்கலாம். ஹார்னஸைக் கட்டி, பாரைக் கொக்கியில் மாட்டி, ஹோலில் நிற்கவைத்து, கண்ணை மூடிக்கொண்டு குவிக் ரிலீஸை (ஆபத்தில் கைட்டை உடனே கழற்றிவிடுகிற பிடி) தள்ளச் சொல்லுங்கள். பிறகு ஒரு வாளியில் ஐஸ் தண்ணீர் வைத்து இரண்டு கையையும் முடிந்த மட்டும் அதில் வைத்திருந்துவிட்டு, உடனே அதே வேலையைச் செய்யச் சொல்லுங்கள். மரத்த கையால் எத்தனை தடவை பிழைக்கிறது என்று அவனே பார்க்கட்டும். எனக்கு அது நடு ஆற்றில்தான் தெரியவந்தது.

மரைன் டிரைவ் அம்மா:

இன்று பின்னேரம் செய்து பார்த்தோம். வெறுங்கையோடு ஒரே தள்ளில் கழன்றது. ஐஸ் தண்ணீருக்குப் பிறகு முதல் தடவை கை வழுக்கியது, இரண்டாம் தடவை பாரின் வேறு பக்கத்தைப் பிடித்தான், மூன்றாம் தடவைதான் கழற்றினான். சத்தமே இல்லை அவனிடம். பிறகு தானாக வந்து, அம்மா மாமாவிடம் சொல்லி ஜெட்ஸ்கி உள்ள பயிற்சியைப் பதியச் சொல்லுங்கள் என்றான். அண்ணாவுக்கு இப்போதுதான் செய்தி போட்டேன். பேரிக்காய் அக்கா, அந்தக் கொறுக்காய்ப்புளிக் கறிக்கு மிளகு எவ்வளவு என்றும் சொல்லிவிடுங்கள்.

தெஹிவளைப் பேரிக்காய்:

ஒரு கிலோ மீனுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி, முழு மிளகை வறுத்து அங்கேயே இடியுங்கள். கொறுக்காய் மட்டும் இங்கிருந்து கொண்டுபோங்கள்.