மே மாதம் ஜோத்பூர், ஜெய்சால்மர் போகிறோம், வெயிலைத் தாங்க என்ன செய்யலாம்?

பாமணிக்கரை (மன்னார்குடி)

எல்லோருக்கும் வணக்கம். தம்பிக்கு ஜோத்பூரில் வேலை, குடும்பத்தோடு அங்கேயே இருக்கிறான். ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான், பிள்ளைகளுக்குப் பெரிய லீவு மே மாதம்தான் என்பதால் இந்தத் தடவை கிளம்பிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டோம். நான், வீட்டுக்காரர், ஐந்தாவதும் எட்டாவதும் படிக்கிற இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா. நம்ம ஊரிலிருந்தே வாரம் ஒரு முறை ஜோத்பூரை ஒட்டிய பகத் கி கோத்தி ஸ்டேஷனுக்கு வண்டி போகிறதே, அதில் ஏசி கோச்சில் டிக்கெட் போட்டாகிவிட்டது. நடுவில் ஜெய்சால்மர் போய்க் கோட்டையும் மணல்மேடும் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைக்கிறோம்.

பயம் எல்லாம் வெயில்தான். அப்பா, "கத்திரி வெயில்ல கோடை உழவு ஓட்டினவன் நான், எனக்கு வெயிலைக் காட்டுறியா" என்கிறார். ஆனால் அவர் பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அம்மா இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அங்கே இருந்தவர்கள், போய் வந்தவர்கள் யாராவது விவரமாகச் சொல்லுங்களேன்.

வடுவூர் ஏரிக்கரை

தங்கச்சி, ஜெய்சால்மர் பக்கம் பல வருஷம் பணியில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். அப்பாவிடம் முதலில் ஒன்றை எடுத்துச் சொல்லுங்கள், அவர் பழகிய வெயில் வேறு, அந்த வெயில் வேறு. நம்ம ஊரில் 38, 39 டிகிரி அடித்தாலே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், வேர்வை வழிந்து கண் எரியும், நம்மையறியாமல் நிழலுக்கு ஒதுங்கிவிடுவோம். அங்கே காற்றில் ஈரமே இருக்காது. 44 டிகிரியில் அரை மணி நேரம் நடந்தாலும் சட்டை காய்ந்தே இருக்கும், வேர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொள்வோம். வேர்க்கிறது, ஆனால் வேர்த்த வேகத்தில் தோலிலேயே காய்ந்துவிடுகிறது. சாயங்காலம் அடர் நிறச் சட்டையைக் கழற்றிப் பார்த்தால் முதுகிலும் அக்குளிலும் உப்பு கோடு கோடாக வெள்ளையாகப் பூத்திருக்கும், விரலால் தட்டினால் உதிரும். உடம்பிலிருந்து எவ்வளவு நீர் போயிருக்கிறது என்று அப்போதுதான் புரியும்.

அதனால் தாகம் எடுத்தபின் குடிக்கலாம் என்று இருக்காதீர்கள். வெளியே சுற்றும் நேரத்தில் கால் மணி, இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் ஆளுக்குக் கொஞ்சம் தண்ணீர், வேண்டும் வேண்டாம் என்று கேட்காமல் நீங்களே பாட்டிலை நீட்டுங்கள். வயசானவர்களுக்குத் தாகமே சரியாகத் தெரியாது, பிள்ளைகளுக்கு விளையாட்டு மும்முரத்தில் மறந்துபோகும்.

நாளை இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். காலை பத்து, பத்தரைக்கு மேல் வெளியே இருக்கவே கூடாது, மறுபடி கிளம்புவது சாயங்காலம் ஐந்தரைக்குப் பிறகு. இதில் ஒரு வசதி என்னவென்றால் அந்த ஊர் ரொம்ப மேற்கே இருக்கிறது, மே மாதத்தில் ஜெய்சால்மரில் சூரியன் மறைய ஏழரை மணி ஆகும், நம்ம ஊரைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாமதம். சாயங்காலத்தில் சுற்ற நேரம் தாராளமாகக் கிடைக்கும். ஜெய்சால்மர் கோட்டைக்குள்ளே இன்றைக்கும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், கடை, வீடு, கோவில் எல்லாம் உள்ளேயே உண்டு, காலை ஆறு மணிக்கே போய் நடக்கலாம். அந்த மஞ்சள் கல் இளவெயிலில் மின்னுவதை மதியம் போகிறவர்கள் பார்க்கவே முடியாது. ஜோத்பூரில் மெஹ்ரான்கர் கோட்டை பாறைக்குன்றின் மேல் இருக்கிறது, ஏற்றம் அதிகம், திறந்ததும் முதல் ஆளாகப் போய்விடுங்கள், மேலே போக லிஃப்ட் இருக்கிறது, அப்பா அம்மாவை அதில் ஏற்றிவிடுங்கள்.

இன்னொன்று. ஜோத்பூரிலிருந்து ஜெய்சால்மர் போகிற வழியில் பலோடி என்று ஒரு ஊர். 2016 மே 19 அன்று அங்கே 51 டிகிரி பதிவானது. அந்த வழியில் நடுப்பகலில் கார் வைத்துக்கொண்டு போகாதீர்கள், வண்டி பழுதாகி நின்றால் ஒதுங்க மரம்கூடக் கிடைக்காது. ராத்திரி ரயிலோ, விடியற்காலையில் கிளம்புகிற காரோ பாருங்கள்.

திருவையாறு தென்கரை

நான் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வயசானவர்களை அழைத்துக்கொண்டு மே மாதம் அங்கே போகத்தான் வேண்டுமா? அரையாண்டு லீவில் டிசம்பரில் போனால் பகலெல்லாம் இதமாக இருக்கும், ராத்திரிக்கு ஒரு ஸ்வெட்டர் இருந்தால் போதும். தம்பியைப் பார்ப்பதுதான் முக்கியம் என்றால் ஜோத்பூரோடு நிறுத்திக்கொண்டு ஜெய்சால்மரை அடுத்த முறைக்கு வைக்கலாமே. எங்கள் பக்கத்து வீட்டில் மே மாதம் போய்விட்டு, பெரியவரை அங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கவனிக்கும்படி ஆயிற்று. நல்லபடியாகத் திரும்பிவிட்டார், ஆனாலும் மொழி தெரியாத ஊரில் அந்தக் குடும்பம் பட்ட பாடு பெரிய பாடு.

குடவாசல் மல்லிகை

அக்கா, நான் நர்ஸ். தென்கரை சார் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் போவது என்று ஆகிவிட்டால் இதையெல்லாம் கிளம்பும் முன்பே செய்துவிடுங்கள்.

பிரஷர் மாத்திரைகளில் சில, உடம்பில் இருக்கிற நீரைச் சிறுநீராக வெளியேற்றும் வகை. அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வெயிலில் நீரும் உப்பும் சீக்கிரம் குறைந்து தலைசுற்றல் வரும். நீங்களாக மாத்திரையை நிறுத்தவே கூடாது. சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், இந்த மாதிரி ஊருக்குப் போகிறோம், அளவு மாற்ற வேண்டுமா, ஓஆர்எஸ் கொடுக்கலாமா என்று நேராகக் கேளுங்கள், அதிலும் உப்பு இருக்கிறது.

அம்மாவின் இன்சுலினைக் காரிலோ பெட்டியிலோ போட்டுவிட்டுப் போகாதீர்கள், சூட்டில் மருந்து வீணாகிவிடும். பார்த்தால் மாற்றமே தெரியாமல்கூட இருக்கலாம், ஆனால் சரியாக வேலை செய்யாது. சின்ன ஐஸ் பையில் வைக்கலாம், ஆனால் ஐஸ் மருந்தில் நேராகப் படக்கூடாது, உறைந்தாலும் கெட்டுவிடும். துணியில் சுற்றி வையுங்கள். வெயில் நேரத்தில் இன்சுலின் உடம்பில் வேகமாக இறங்கும், சர்க்கரை சட்டென்று குறையலாம், அதனால் மெஷின் கையோடு இருக்கட்டும், வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு ஓஆர்எஸ் பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவிலேயே கரையுங்கள், பெரிய பாக்கெட் என்றால் 1 லிட்டர். பாதித் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்துக் கொடுப்பதை நிறையப் பேர் செய்கிறார்கள், அது பிள்ளைக்குக் கெடுதல். பாக்கெட் கிடைக்காத இடத்தில் 1 லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி. நம்ம ஊரில் வெயில் காலத்தில் நீர்க்கடுப்பு வந்தால் உடனே வெந்தயமும் மோருமாக ஆரம்பித்துவிடுவோம் இல்லையா, அங்கே அந்த அளவுக்குப் போகவே விடாதீர்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலே தண்ணீர் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதை மட்டும் வீட்டில் எல்லோருமே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தலைவலி, குமட்டல், கால் கெண்டையில் இழுப்பு, சோர்வு வந்தால் நிழலில் படுக்கவைத்து, காலைக் கொஞ்சம் உயர்த்தி, குடிக்கக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும். ஆனால் பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், நடை தள்ளாடினால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால் அது வெப்ப வாதம், உயிருக்கே ஆபத்து. 108-க்குப் போன் போட்டுவிட்டு, வண்டி வரும்வரை சும்மா இருக்காமல் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். நினைவு சரியில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். காய்ச்சல் மாத்திரை இதற்குக் கேட்காது.

பாமணிக்கரை (மன்னார்குடி)

ரொம்ப ரொம்ப நன்றி. மல்லிகை எழுதியதை அப்படியே அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், டாக்டரிடம் வருகிறேன் என்று ஒத்துக்கொண்டுவிட்டார். தென்கரை சார், டிசம்பரில் தம்பிக்கு லீவு கிடைக்காதாம், அதனால்தான் மே. மணல்மேட்டுக்குப் பெரியவன் ஒட்டகம் ஏறியே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான், அழைத்துப் போகலாமா? அப்புறம் தம்பி வீட்டில் ஏசி ஒரு ரூமில்தான், மற்ற இடமெல்லாம் ஏர் கூலர். நம்ம வீட்டுக் கூலர் மே மாதத்தில் புழுக்கத்தைத்தான் கூட்டுகிறது, அங்கே எப்படி?

வடுவூர் ஏரிக்கரை

கூலரைப் பற்றிக் கவலையே வேண்டாம். நம்ம ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைய, அதில் இன்னும் ஈரத்தைச் சேர்த்தால் புழுங்கத்தான் செய்யும். அங்கே காற்று வறண்டது என்பதால் ஈரத் தட்டி வழியாக வரும்போது நன்றாகக் குளிர்ந்துவிடும். எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், காற்று வெளியே போக வழி வேண்டும். கும்பகோணத்தில் வெட்டிவேர் வாங்கிப் போனால் கூலர் தட்டியில் செருகலாம், வீடே மணக்கும். நடுப்பகலில் வெறும் மின்விசிறியை மட்டும் நம்பாதீர்கள், அந்த நேரத்துக் காற்றே உடம்பைவிடச் சூடாக இருக்கும். மேல்மாடி அறையில் அப்பா அம்மாவைப் படுக்கவைக்காதீர்கள், மொட்டைமாடித் தளம் ராத்திரி வரைக்கும் சூட்டை இறக்கும்.

மணல்மேட்டுக்குப் போகலாம், சாம் என்ற இடம், ஜெய்சால்மரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். சூரியன் சாயச் சாயப் போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள். மதியத்தில் அந்த மணலில் வெறுங்காலை வைத்தால் கொப்புளிக்கும், நம்ம பெரிய கோவில் பிரகாரத்தில் மே மாத மதியம் ஓடுவோமே, அதைவிடக் கொடுமை. இருட்ட ஆரம்பித்தால் மணல் சீக்கிரம் ஆறிவிடும், பிள்ளைகள் ஆசை தீர உருளட்டும். கூடாரத்தில் தங்குவது என்றால் முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள், கோடையில் பல கூடாரங்களை மூடிவிடுவார்கள். மே, ஜூனில் புழுதிப் புயல் வரும், அடிவானம் பழுப்பாகக் கிளம்பி வந்தால் ஒட்டகத்தை விட்டு இறங்கிக் கண், மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு வண்டிக்குள் போய்விடுங்கள்.

உடுப்பு முழுக்கைப் பருத்தியாக இருக்கட்டும், வெயில் தோலில் படாமல் இருப்பதுதான் நல்லது. அங்கத்து ஆட்கள் தலைப்பாகை இல்லாமல் வெளியே வருவதில்லை. ஆளுக்கு ஒரு ஈரிழைத் துண்டு, நனைத்துத் தலையிலும் கழுத்திலும் போட்டுக்கொண்டால் அந்த வறண்ட காற்றில் நல்ல குளிர்ச்சி, காயக் காய நனையுங்கள். மூக்குக்குள்ளும் உதட்டிலும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு மூக்கில் ரத்தம் வரும்.

கொரடாச்சேரி வாய்க்கால்

சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லையே. ஜோத்பூரில் கச்சோரி, மிளகாய் பஜ்ஜி எல்லாம் பிரமாதம், ஆனால் வெயிலில் அலைந்துவிட்டு வந்து எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் வயிறு கெடும், அதை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பகலுக்கு மோர் எங்கேயும் கிடைக்கும், சாச் என்று கேட்டு வாங்குங்கள். மாங்காயைச் சுட்டோ வேகவைத்தோ கரைத்து, சீரகமும் உப்பும் போட்டு ஒரு பானம் தருவார்கள், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். கம்பு மாவை மோரில் கரைத்துக் காய்ச்சுகிற கூழ் ஒன்று அங்கத்து வீடுகளில் உண்டு, ராப்டி என்பார்கள், நம்ம கம்பங்கூழ்தான், அப்பாவுக்கு ஒத்துப்போகும். தம்பி வீட்டில் முதல் நாளே சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கச் சொல்லுங்கள், காலையில் வெளியே கிளம்பும் முன் மோர்விட்டு ஆளுக்கு ஒரு கிண்ணம் குடித்துவிட்டுப் போங்கள். ரயிலுக்குப் புளிச்சோறு கட்டுகிறீர்கள் என்றால் முதல் நாளைக்கு மட்டும் கட்டுங்கள், பயணம் இரண்டு நாளுக்கு மேல், அதுவும் ஏசி பெட்டியில் தண்ணீர் குடிக்கவே தோன்றாது, பிள்ளைகளை அங்கேயும் விடாமல் குடிக்கவையுங்கள்.