பேஸ்பால்: ஷார்ட்ஸ்டாப்பில் அழகாக எறியும் பையன், மவுண்டில் ஏறினால் விறைத்துப்போகிறான். எதைத் திருத்துவது?

உதவிக்கோச் எழுதியது:
சின்னப் பிள்ளைகளின் பேஸ்பால் அணியில் உதவிக் கோச்சாக இருக்கிறேன். 11 வயதுப் பையன் ஒருவன், வலது கைக்காரன். ஷார்ட்ஸ்டாப்பில் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே பந்தைத் தடுக்கும் இடம்) உருண்டு வரும் பந்தை ஓடி எடுத்து, ஒரு எட்டு வைத்து முதல் பேஸுக்கு எறிவான் பாருங்கள், கண்ணுக்கு நிறைவாக இருக்கும். அதே பையன் மவுண்டில், அதாவது பேட்டரை நோக்கிப் பந்தெறியும் மேட்டில், வேறு ஆள். முன்காலைத் தூக்கிக்கொண்டு அப்படியே நிற்கிறான். கையைப் பின்னால் கொண்டுபோய், முழங்கையை 'எல்' மாதிரி மடக்கி, ஒரு கணம் நிறுத்திவிட்டுத்தான் எறிகிறான். வேகமும் இல்லை, குறியும் இல்லை. 'முழங்கையை உயர்த்து', 'தோளைத் திறக்காதே' (சீக்கிரம் திருப்பிவிடாதே) என்று நாங்கள் சொல்லச் சொல்ல இன்னும் இறுகுகிறான். போன வாரம் முழங்கையின் உள்பக்கம் லேசாக வலிக்கிறது என்றான். எங்கிருந்து தொடங்குவது?

வலைப்பக்கம் எழுதியது:
முதலில் அந்த வலி. 11 வயதுப் பிள்ளை முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறது என்று சொன்னால், லேசானதோ இல்லையோ, அன்றோடு எறிவதை நிறுத்த வேண்டும். எலும்பு மருத்துவர் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். அந்த வயதில் எலும்பின் வளர்ச்சித் தட்டு இன்னும் கெட்டிப்பட்டிருக்காது. பெரியவர்களுக்குத் தசைநார் தாங்கும் இழுப்பைப் பிள்ளைகளுக்கு அந்தத் தட்டுதான் வாங்கிக்கொள்கிறது.

சரி, எறிதலுக்கு வருவோம். இவனுக்கு எறியத் தெரியும். ஷார்ட்ஸ்டாப்பில் ஓட்டக்காரன் பேஸை நெருங்கிக்கொண்டிருக்கும்போது முழங்கையைப் பற்றி யோசிக்க அவனுக்கு ஏது நேரம்? கால் போகிறது, இடுப்பு திரும்புகிறது, மார்பு திரும்புகிறது, கை கடைசியில் வந்து சேர்கிறது. மவுண்டில் அவன் காதில் விழுவதெல்லாம் கையைப் பற்றிய கட்டளை. அதனால் கையிலிருந்து தொடங்குகிறான்.

அந்த 'எல்' எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். வீடியோவை நிறுத்திப் பார்த்தால், முன்கால் ஊன்றும் சமயத்தில் பெரிய பிட்சர்களின் (மவுண்டிலிருந்து எறிபவர்களின்) கை அப்படித்தான் தெரியும். ஆனால் அது போகிற போக்கில் கடக்கிற இடம், போய் நிற்கிற இடம் அல்ல. நல்ல பிட்சருக்கு இடுப்பு முதலில், எதிரே பந்தைப் பிடிக்கும் கேட்சர் பக்கம் திரும்பிவிடும், தோள் இன்னும் பின்தங்கியிருக்கும். அந்த இடைவெளியில் வயிறும் மார்பும் தோளின் முன்பக்கமும் உண்டிவில் ரப்பர் மாதிரி இழுபடுகின்றன. பிறகு விடுபடும்போது மேல்கை உள்நோக்கிச் சுழலும் வேகம், வளர்ந்த பிட்சர்களிடம் நொடிக்கு 7,000 டிகிரி அளவுக்குப் போகிறது. தோள் தசை தனியாக முயன்று இதைக் கொண்டுவர முடியாது. மனிதத் தோள் இப்படி இழுபட்டு ஆற்றலைச் சேமித்து வெளிவிடுவதற்கு ஏற்ற அமைப்பு என்றும், அந்த அமைப்பு சுமார் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஹோமோ எரெக்டஸ் என்ற ஆதிமனித இனத்தில் ஒன்றுசேர்ந்தது என்றும் 2013-இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. நடுவில் நிறுத்தினால் இழுபட்டதெல்லாம் தளர்ந்துவிடும். மிச்ச வேலை முழுக்கத் தோளுக்கும் முழங்கைக்கும்தான்.

'முழங்கையை உயர்த்து' என்பதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பக்கவாட்டில் எறிகிறவரோ, தலைக்கு மேலே எறிகிறவரோ, பந்தை விடும்போது மேல்கைக்கும் உடம்புக்கும் நடுவே இருப்பது கிட்டத்தட்ட 90 டிகிரிதான். கை உயரமாகத் தெரிவது, உடம்பு மறுபக்கம் சாய்வதால். சாயாமல் முழங்கையை மட்டும் தூக்கினால் தோள் காதோடு ஒட்டிக்கொள்ளும்.

மருத்துவர் சரி என்றதும் நான் செய்வது இது. மவுண்ட் வேண்டாம், சமதரை போதும். வலைக்கு முன்னால் நிறுத்தி, அவனுடைய இடப்பக்கம் பந்தை உருட்டுங்கள். எடுத்த கையோடு வலையில் அடிக்கட்டும். உருட்டும் திசையையும் வேகத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள். பிறகு ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்: மூன்று எட்டு, இரண்டு எட்டு, கடைசியில் காலைத் தூக்கி ஒரே எட்டு. அந்த ஒரு எட்டுதான் அவனுடைய பிட்ச். வாயைத் திறந்தால் பந்தைப் பற்றியோ இலக்கைப் பற்றியோ மட்டும் பேசுங்கள்: 'பந்து கிளவில் விழுகிற சத்தம் எனக்குக் கேட்கணும்', 'வலையைக் கிழி'. கவனம் உடம்பின் உறுப்பில் இருப்பதைவிட வெளியே உண்டாகும் விளைவில் இருந்தால் அசைவு நன்றாகப் படிகிறது என்று அசைவுக் கற்றலை ஆராயும் காப்ரியேலே வுல்ஃப் தன் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களுக்கு இது தினமும் கண்ணில் படுகிற விஷயம்.

பழையகேட்சர் எழுதியது:
பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஆனால் எல்லாம் தானாக வந்துவிடாது. முன்கால் மூன்றாம் பேஸ் பக்கமாகக் குறுக்கே விழுந்தால் இடுப்பு திரும்ப வழியில்லை, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்புறம் எண்ணிக்கை. அமெரிக்காவின் மேஜர் லீக்கும் யூஎஸ்ஏ பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டியில் 11, 12 வயதுக்கு ஒரு நாளைக்கு 85 பந்துதான் உச்சவரம்பு. 66-ஐத் தொட்டாலே நான்கு நாள் ஓய்வு. பையன் கேட்சராகவும் ஆடுகிறானா? அப்படியானால் அந்த எறிதலும் கைக்குச் சுமைதான்.

வலைப்பக்கம் எழுதியது:
கால் விஷயம் உண்மை. ஆனால் அதையும் வாயால் சொல்வதில்லை. பின்காலிலிருந்து கேட்சரை நோக்கிச் சுண்ணாம்புக்கோடு ஒன்று போட்டுவிட்டு, 'கோட்டு மேல் இறங்கு' என்பேன். காலடித் தடம் எங்கே விழுந்தது என்று அவனே குனிந்து பார்த்துக்கொள்வான்.

உதவிக்கோச் எழுதியது:
மருத்துவரிடம் போய் வந்தார்கள். எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் ஆறு வாரம் எறியக்கூடாது என்றிருக்கிறார். கேட்சராகவும் ஆடிக்கொண்டிருந்தான், அதையும் நிறுத்திவிட்டோம். சும்மா உட்காரமாட்டேன் என்கிறான்.

வலைப்பக்கம் எழுதியது:
உட்கார வேண்டாம். மருத்துவர் ஓட அனுமதித்தால் தரைப்பந்து பிடிக்கட்டும். எடுத்து, கால் மாற்றி, இடுப்பைத் திருப்பி, எறியாமல் பந்தைப் பக்கத்தில் இருக்கும் வாளியில் போடட்டும். ஆறு வாரம் முடிந்ததும் நேராக 14 மீட்டர் பிட்சிங் தூரத்துக்குப் போகாதீர்கள். பாதித் தூரத்தில், பாதி வேகத்தில், ஒருநாள் விட்டு ஒருநாள். மறுநாள் காலையில் முழங்கை எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டு அடுத்த அடி வையுங்கள்.