பேட்டரியில் நேரா சார்ஜர் கொடுக்கலாமா? 20 மில்லி ஆம்ப் தகராறு

ஒயர்மேன்62:
நேத்து புது பைக் எடுத்த ஒரு தம்பி, போன் சார்ஜர் எப்படி மாட்டறதுன்னு கேட்டிருந்தார். அதுக்குக் கொங்கு ரைடர் எழுதின பதில்: "பேட்டரி பிளஸ்ல ஒண்ணு, மைனஸ்ல ஒண்ணு. ரெண்டு ஒயர், பத்து நிமிஷ வேலை. சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற சாவி ஒயரைத் தேடி வண்டியைப் பிரிக்காதீங்க." படிச்சதுல இருந்து மனசு ஆறலை. 31 வருஷமா ஒயரிங் வேலை பாக்கறேன். ஊருக்குப் போயிட்டு வந்து "அண்ணே, செல்ஃப் எடுக்கலை"ன்னு வண்டியைத் தள்ளிக்கிட்டு வர்றவங்க சீட்டைக் கழட்டினா, எத்தனை தடவை இந்த ரெண்டு ஒயரைப் பாத்திருக்கேன்!

போன் சொருகலைன்னாலும் சார்ஜர் சும்மா இருக்காது தம்பி. உள்ள இருக்கிற சர்க்யூட் 12 வோல்ட்டை 5 வோல்ட்டா மாத்திக்கிட்டே முழிச்சிருக்கும். நீல லைட்டு வேற. நானே அளந்தேன், 20 மில்லி ஆம்ப் (ஆயிரம் மில்லி சேர்ந்தா ஒரு ஆம்ப்). 24 மணி நேரத்துக்கு 480 மில்லி ஆம்ப் அவர். 8 ஆம்ப் அவர், அதாவது ஒரு ஆம்ப்பை 8 மணி நேரம் கொடுக்கிற பேட்டரியில பாதி எட்டே நாள்ல போயிடும். பொங்கலுக்குப் போயிட்டு வந்து செல்ஃபை அமுக்கினா, அதுக்குக் கரண்ட்டைத் திறந்து விடற ஸ்விட்சான ரிலே 'டிக் டிக்'னு மட்டும் அடிக்கும்.

கொங்கு ரைடர்:
ஐயா, ரெண்டரை வருஷமா என் வண்டியில பேட்டரியிலதானுங்க இருக்கு. வால்பாறை 40 கொண்டை ஊசி, கொல்லிமலை 70 கொண்டை ஊசி, எல்லாம் ஏறி இறங்கியாச்சு. ஒரு நாளும் தள்ளினதில்லை. நானும் அளந்தேன், 3 மில்லி ஆம்ப். ஒரு மாசம் நிறுத்தினாலும் 2 ஆம்ப் அவர்தான் போகும். டென்ட் போட்டுப் படுக்கிற ராத்திரி, சாவி போடாம போன் ஏத்திக்கலாம். அந்த வசதி உங்க சாவி ஒயர்ல வருமா?

ஒயர்மேன்62:
3 எல்லாம் கிடையாது. 20. மீட்டர்ல 0.02 ஆம்ப்னு கண்ணால பாத்தேன்.

கொங்கு ரைடர்:
அங்கதானுங்க மாட்டிக்கிட்டீங்க! 0.02ன்னு வந்தா மீட்டர் குமிழை 10 ஆம்ப் ரேஞ்ச்ல வெச்சிருக்கீங்க. நம்ம கைல இருக்கிற மஞ்சள் மீட்டர் அந்த ரேஞ்ச்ல 10 மில்லி ஆம்ப்புக்குக் கீழே பிரிச்சுக் காட்டாது. 200 மில்லி ரேஞ்சுக்கு மாத்தி, பேட்டரி மைனஸைக் கழட்டி, நடுவுல மீட்டரை விட்டுப் பாத்தாத்தான் உண்மை தெரியும். 31 வருஷம் வேலை பாத்தவருக்கு இது தெரியாதுங்களா?

ஒயர்மேன்62:
எனக்கு மீட்டர் பிடிக்கச் சொல்லித் தர்ற வயசு உனக்கு இல்லை. 200 மில்லி ரேஞ்ச்ல வெச்சுக்கிட்டு யாராவது மறந்து சாவியைத் திருப்பினா மீட்டர் ஃபியூஸ் போயிடும். கடையில நாலு பசங்க கை வைக்கிற மீட்டரை அதனாலதான் 10 ஆம்ப்ல வெச்சிருக்கேன். போன வருஷம் செயினுக்கு எண்ணெய் போடற விஷயத்துலயும் இதே மாதிரிதான் குறுக்க வந்தே, அதையும் நான் மறக்கலை.

சரி, ஃபியூஸ் எங்கே போட்டிருக்கே? அதைச் சொல்லு முதல்ல.

கொங்கு ரைடர்:
சார்ஜரோட வந்த ஃபியூஸ்தான். ஹேண்டில் பார்கிட்ட இருக்கு.

ஒயர்மேன்62:
இதைத்தான் எதிர்பார்த்தேன்! ஃபியூஸ் சார்ஜரைக் காப்பாத்தறதுக்கு இல்லை தம்பி, ஒயரைக் காப்பாத்தறதுக்கு. பேட்டரி பிளஸ்ல இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள இருக்கணும். உன் வண்டியில பேட்டரியில கிளம்பி, டேங்குக்கு அடியில ஓடி, ஸ்டீயரிங் கழுத்தைத் தாண்டி, அதுக்கப்புறம்தான் ஃபியூஸ். அத்தனை தூரமும் காவல் இல்லாத ஒயர். ஒவ்வொரு தடவை ஹேண்டிலைத் திருப்பும்போதும் அந்தக் கழுத்துல ஒயர் உரசும். தோல் உரிஞ்சு ஃபிரேமைத் தொட்டுச்சுன்னா மொத்த கரண்ட்டும் அந்த வழியா ஓடும், ஃபியூஸுக்குத் தகவலே போகாது. டேங்குக்கு அடியில ரப்பர் உருகி, செம்புக் கம்பி கருகி, பக்கத்துல இருந்த ஒரிஜினல் ஹார்னஸையும் (வண்டியோட வர்ற ஒயர்க் கட்டு) ஒட்டிக்கிட்டு வந்ததை இந்தக் கையால பிரிச்சு எடுத்திருக்கேன். மேல பெட்ரோல், கீழே அந்தக் கம்பி. நினைச்சுப் பாரு.

ஸ்பிளெண்டர்காரன்:
ஒரு சந்தேகம் அண்ணே. நீங்க ரெண்டு பேரும் பேசறது யூஎஸ்பி சார்ஜரா, சிகரெட் லைட்டர் மாதிரி வட்ட சாக்கெட்டா? வெறும் 12 வோல்ட் சாக்கெட்டுக்குள்ள சர்க்யூட்டே கிடையாது. எதுவும் சொருகாத வரைக்கும் அது கரண்ட் எடுக்காதே?

கொங்கு ரைடர்:
எதுவா இருந்தா என்னங்க, 3தான்.

ஒயர்மேன்62:
எதுவா இருந்தாலும் 20. அந்த வட்ட சாக்கெட்ல காத்தடிக்கிற பம்ப்பைச் சொருகுவாங்க. அது 8, 10 ஆம்ப் இழுக்கும். போனுக்கு 10 வாட் கொடுத்தா பேட்டரியில இருந்து போறது ஒரு ஆம்ப்தான், ஃபாஸ்ட் சார்ஜ் 18 வாட்டுன்னாலும் 2 ஆம்ப்புக்குள்ள. ரெண்டுக்கும் ஒரே நூல் மாதிரி ஒயரைப் போடறாங்க.

என் முறையைக் கேளுங்க. சென்னை ஜி.பி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில நாலு கால் ரிலே ஒண்ணு வாங்குங்க. 30ஆம் நம்பர் காலுக்கு பேட்டரியில இருந்து ஃபியூஸ் வழியா. 87ல இருந்து சாக்கெட்டுக்கு. 86க்கு டெயில் லைட் ஒயர்ல இருந்து ஒரு சின்ன இழுப்பு. 85 எர்த், அதாவது பேட்டரி மைனஸ். சாவி போட்டா உயிர், எடுத்தா செத்துடும். போனுக்கு மட்டும்னா 3 ஆம்ப் ஃபியூஸ். பம்ப் போடுவேன்னா 10 ஆம்ப், அதுக்குத் தகுந்த தடிமன் ஒயர். டெயில் லைட் ஒயரைக் கடிச்சுப் பிடிக்கிற பிளாஸ்டிக் கிளிப் வேண்டாம், மழைத் தண்ணி உள்ள போய்ப் பச்சைப் பூ பூத்துடும். சால்டர் வெச்சு, சூடு காட்டினா சுருங்கிப் பிடிக்கிற ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்க.

மழைவாசி:
சாவி ஒயர் சாவி ஒயர்னு சொல்லி என் நண்பன் வண்டியில ஃபியூஸ் போனதுதான் மிச்சம். கருப்பு எர்த்துன்னு நினைச்சு இழுத்தான்.

ஒயர்மேன்62:
ஹோண்டா, ஹீரோ வண்டியா இருந்திருக்கும். அதுல பச்சைதான் எர்த். கருப்பு, சாவி போட்டா வர்ற பிளஸ். யமஹாவில அப்படியே தலைகீழ், கருப்பு எர்த், பிரவுன்தான் சாவி பிளஸ். கலரை நம்பாதீங்க, டெஸ்ட் லைட்டை நம்புங்க. இது கூடத் தெரியாம வண்டியில கை வெச்சது உங்க நண்பன் தப்பு.

மழைவாசி:
எங்க தப்புன்னே சொல்லுங்க. யமஹா ஒயரிங் சுத்தமா இருக்கும், ஹீரோவில எல்லாம் ஒரே குப்பை.

ஸ்பிளெண்டர்காரன்:
குப்பையா? 14 வருஷம் ஓடின ஹார்னஸ் சார் என்னோடது. ஒரு இடத்துல டேப் சுத்தினது இல்லை. உங்க வண்டி அத்தனை வருஷம் ஓடட்டும், பேசுவோம்.

புதுவண்டி:
கேள்வி கேட்டது நான்தான். என் ஐபோனை ஹேண்டில் பார்ல மாட்டி மேப் பாக்கணும், அவ்வளவுதான். எது நல்லதுன்னு...

மழைவாசி:
அந்த போனை ஹேண்டில்ல மாட்டவே மாட்டாதீங்க. பெரிய இன்ஜின் பைக்கோட அதிர்வு கேமராவைக் கெடுக்கும்னு ஆப்பிளே 2021ல சொல்லியிருக்கு.

கொங்கு ரைடர்:
அதிர்வைத் தாங்கற டேம்பர் வெச்ச மவுண்ட் கிடைக்குதுங்க. பேச்சை மாத்தாதீங்க. ஒயர்மேன் ஐயா இன்னும் பதில் சொல்லலை. 200 மில்லி ரேஞ்ச்ல வெச்சாலும் 20 வருமா?

ஒயர்மேன்62:
நீ முதல்ல ஃபியூஸைப் பேட்டரி பக்கம் மாத்து.

கொங்கு ரைடர்:
ஃபியூஸ் பேச்சு வேற, மில்லி ஆம்ப் பேச்சு வேற. 3.

ஒயர்மேன்62:
20. உன் சார்ஜர்ல வோல்ட் மீட்டர் லைட்டு எரியுதா இல்லையா?

கொங்கு ரைடர்:
அதுல தனி ஸ்விட்ச் இருக்குங்க. அணைச்சுட்டுத்தான் அளந்தேன்.

ஒயர்மேன்62:
பாத்தீங்களா எல்லாரும்! அணைச்சுட்டு அளந்தானாம்! ஸ்விட்சை அணைக்க மறக்கிறவன் வண்டிதான் என் கடைக்கு வருது. இதை நேத்தே அந்தத் தம்பிகிட்ட சொன்னியா? ரெண்டு ஒயர், பத்து நிமிஷம்னு மட்டும்தானே சொன்னே?

கொங்கு ரைடர்:
கடைக்கு வர்ற வண்டியை மட்டும் பாத்துட்டு ஊர்ல ஓடற வண்டி எல்லாம் அப்படித்தான்னு சொல்றீங்க. நல்லா ஓடற எங்க வண்டி உங்க கடைக்கு எதுக்கு வரப் போகுது?

ஸ்பிளெண்டர்காரன்:
என் பேட்டரி சின்னதுங்க, 3 ஆம்ப் அவர்தான். எனக்கு 20ன்னாலும் பயம், 3ன்னாலும் பயம். கிக்கர் இருக்கிறதால தப்பிச்சேன்.

ஒயர்மேன்62:
நாளைக்குக் கடை திறந்ததும் அதே சார்ஜரை பேட்டரியில போட்டு, மீட்டரோட போட்டோ எடுத்துப் போடறேன். அப்புறம் யாரும் வாய் திறக்கக் கூடாது.

கொங்கு ரைடர்:
போடுங்க. ரேஞ்ச் குமிழ் தெரியற மாதிரி எடுங்க.